மிஷினை மறைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகலாமா? பெரியபட்டினத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. நாலு வயதில் முதலமைச்சர் காப்பீட்டில் வலது காதுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி; அதோடு வெளியே மாட்டும் பகுதியைத்தான் வீட்டில் மிஷின் என்பார்கள், பிராசஸர் என்பதும் அதுதான்) வைத்த தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள், பி.காம். சேர்க்கலாமா? பெரியபட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் போய்வருவதா, மதுரையில் ஹாஸ்டலா? இப்போது இடது காதிலும் ஆபரேஷன் செய்தால் வகுப்பு இன்னும் நன்றாகக் கேட்குமா? கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "முக்காடு போட்டால் மிஷின் வெளியே தெரியாது, காலேஜில் யாருக்கும் சொல்லவே வேண்டாம் என்கிறார் உம்மா." துபாயில் படுத்துக்கொண்டு நீங்கள் ராத்திரியெல்லாம் புரட்டிப் பார்ப்பது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற மூன்றுக்கும் பதில் இதை ஒட்டித்தான் வரும். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கேட்பியலும் பேச்சுப் பயிற்சியும் படித்தவள். இந்த மாவட்டத்தில் 19 வருடமாகக் காது கேளாத பிள்ளைகளோடுதான் வேலை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் பலரை இரண்டு மூன்று வயதில் மடியில் வைத்து ஆ, ஊ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களே மீசையோடு வந்து நிற்கும்போது யாரென்று தெரியாமல் முழித்தும் இருக்கிறேன். உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை. அவளுடைய கேட்புச் சோதனையோ மேப்பிங் (மிஷினை அவள் காதுக்குத் தக்கபடி கணினியில் சரிசெய்வது) விவரமோ என் கையில் இல்லை. அதனால் ஒற்றைக் காதில் இம்பிளான்ட் வைத்த எல்லாருக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்வேன். அவளுக்கென்று சொல்கிற இடத்தில் "இருக்கலாம்" என்று மட்டும் எழுதுவேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் மண்டபம் பக்கத்துப் பையன் ஒருவன். அப்பா விசைப்படகில் போகிறவர். என் அறையில் வாயை மறைத்துக்கொண்டு பத்து வார்த்தை சொன்னால் ஒன்பதைத் திருப்பிச் சொல்வான். கல்லூரியில் சேரும் முன் அவன் அம்மாவிடம், "இனி இவன் மற்றப் பிள்ளைகள் மாதிரிதான்க்கா, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். முதல் செமஸ்டரில் நாலு அரியர். இரண்டாவது செமஸ்டர் பாதியில் நின்றுவிட்டான். பிறகு விசாரித்தால், அறுபது பேர் வகுப்பு, தலைக்கு மேல் நாலு ஃபேன், உயரமான பையன் என்று கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவனைத் திமிர் பிடித்தவன் என்று ஒரு ஆசிரியர் முடிவே கட்டிவிட்டார். அவனுக்குக் காது கேட்காது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. கதவைச் சாத்தின என் அறையில் கேட்டதை வைத்து, ஊர் முழுக்கக் கேட்கும் என்று நான் சொன்னது தப்பு. அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்வதில்லை.

ஏன் அறையில் கேட்டது வகுப்பில் கேட்கவில்லை? ஆரோக்கியமான உள்காது ஒவ்வொன்றிலும் ஒலியைப் பிடித்து நரம்புக்குத் தரும் மயிர்ச்செல்கள் 15,000 அளவில் இருக்கும். இம்பிளான்டில் அந்த வேலையைச் செய்வது, கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள். பரமக்குடித் தறியில் நெய்கிற ஒரு சேலையை அத்தனை குறைந்த இழையில் நெய்து பாருங்கள். கரை எது, உடம்பு எது, பூவா மாங்காயா என்று தெரியும். ஜரிகை வேலை தெரியாது. அமைதியான இடத்தில், பக்கத்தில், ஒருவர் மட்டும் பேசினால் அந்தக் குறைந்த இழையே போதும். மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். இரைச்சல் சேர்ந்தால் நிரப்புவதற்குப் பிடிமானம் இருக்காது.

கணக்காகவே சொல்கிறேன். ஒருவர் சாதாரணமாகப் பேசினால் ஒரு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 60, 65 டெசிபெல் இருக்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஆறு டெசிபெல் குறையும். இரண்டு மீட்டரில் ஆறு, நாலு மீட்டரில் பன்னிரண்டு. அதாவது நாலாவது ஐந்தாவது பெஞ்சுக்கு ஆசிரியர் குரல் வந்து சேரும்போது, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் சத்தமும் அதுவும் ஒரே உயரத்தில் நிற்கும். உங்கள் காதும் என் காதும் அந்த நிலையிலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். இம்பிளான்ட் காதுக்குப் பேச்சு இரைச்சலைவிடப் பத்து, பதினைந்து டெசிபெல் மேலே நிற்க வேண்டும். சுவர்கள் மொட்டையாகவும் கூரை உயரமாகவும் இருந்தால் எதிரொலி வேறு. ராமேசுவரம் கோயில் பெரிய பிரகாரத்தில் தூரத்தில் ஒருவர் பேசினால் சத்தம் வரும், வார்த்தை வராது. கவனித்திருப்பீர்கள். பழைய கல்லூரிக் கட்டடங்களின் பெரிய ஹால்கள் இம்பிளான்ட் காதுக்கு அப்படித்தான். இதற்காக வால்யூமைக் கூட்டிவைக்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. கூட்டினால் ஃபேனும் சேர்ந்துதான் கூடும்.

ஆகவே இந்தப் பிள்ளைகள் பாதியைக் காதால், பாதியைக் கண்ணால் கேட்கிறார்கள். உதட்டைப் பார்ப்பதும் முழுசாகக் கைகொடுக்காது. பாடு, மாடு இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். படம், மடம் அப்படியே. ல, ள, ழ வேறுபாடு உதட்டில் தெரியாது, மின்முனைகளிலும் சரியாகப் பிரியாது. (இதற்காக உம்மா வருத்தப்பட வேண்டாம். வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்கிற நம் ஊரில் ழகரம் யாருக்குத்தான் கேட்கிறது.) பி.காம். என்பதால் ஒன்று முக்கியம். இங்கிலீஷில் சொல்லும் தேர்ட்டீன், தேர்ட்டி, ஃபிஃப்டீன், ஃபிஃப்டி நன்றாகக் குழப்பும். பதிமூணு, முப்பது என்று தமிழில் சொன்னால் குழப்பமில்லை. எண்ணை வாயால் சொன்ன கையோடு போர்டில் எழுதிவிடும் ஆசிரியர் அமைந்தால் கணக்குப்பதிவியல் அவளுக்குக் கஷ்டமாக இராது. மணிக்கணக்கில் வாயாலேயே நடத்துகிற பாடங்களைவிட, போர்டும் நோட்டும் புத்தகமுமாக நடக்கிற பாடம் இந்தப் பிள்ளைகளுக்கு இலகு. அந்த வகையில் பி.காம். நல்ல தேர்வுதான்.

யாரோ சென்னை மாநிலக் கல்லூரியைச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அங்கே 2007 முதல் காது கேளாத மாணவர்களுக்கென்றே தனியாக பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது. சைகை மொழி தெரிந்த பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். உங்கள் தங்கை முழுக்கப் பேச்சு வழியாக வளர்ந்தவள், சைகை தெரியாது என்கிறீர்கள். அப்படியென்றால் அங்கே முதல் வருடம் இரண்டு பக்கமும் அந்நியமாக இருக்கலாம். சிலர் ஒரே வருடத்தில் கலந்துவிடுகிறார்கள். அவளைப் பார்க்காமல் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இனி முக்காடு விஷயம். இரண்டைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் தம்பி: துணியால் மூடுவது ஒன்று, சொல்லாமல் மறைப்பது வேறொன்று. துணிக்கு வழி இருக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசஸரின் மேல் விளிம்பில்தான் மைக் துளைகள் இருக்கும். அதன் மேல் கனமான துணியோ இரண்டு மூன்று மடிப்போ விழுந்தால் பேச்சு மந்தமாகும். வழவழப்பான சிந்தெடிக் துணி உரசினால் சரசரவென்று அதுதான் பெரிதாகக் கேட்கும். கீழக்கரைப் பிள்ளை ஒருத்தி தானே கண்டுபிடித்த உபாயம் இது. உள்குல்லாயில் காதுக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, விளிம்பைத் தைத்து, பிராசஸர் மட்டும் வெளியே வருகிற மாதிரி செய்துகொண்டாள். அதற்கு மேல் மெல்லிய பருத்தித் துணி, ஒற்றை மடிப்பு. மூன்று வருடமும் அப்படியே போய்வந்தாள், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் தங்கைக்கும் அதுதான் விருப்பம் என்றால் தாராளமாகச் செய்யட்டும். தலைமுடிக்குள் மறைத்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு, அது அவரவர் சௌகரியம்.

ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. குறைந்தது வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள், துறைத்தலைவர், இரண்டு தோழிகள், இத்தனை பேருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். காரணம் இரக்கத்துக்காக இல்லை. அவளுக்குத் தேவையான ஒவ்வொன்றும் இன்னொருவர் கையில் இருக்கிறது. போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் இருப்பது ஆசிரியர் கையில். நாளைய பாடத்தின் நோட்ஸை இன்றே கொடுப்பது அவர் கையில். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்ட கேள்வியை முன்னால் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வதும் அவர் கையில்தான். வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாக வருவதை ஒரு வரி டைப் செய்து போடுவது தோழி கையில். ஹால் மாறியது, நேரம் மாறியது எல்லாம் இப்போது வாய்ஸில்தான் வருகிறது. ஒரு பிள்ளை இன்டர்னல் தேர்வையே இப்படித் தவறவிட்டிருக்கிறாள்.

எப்படிச் சொல்வது? அவளே சொல்ல வேண்டும், முதல் வாரத்திலேயே, சுருக்கமாக. நான் பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்க்கும் வாசகம்: "சார், எனக்குக் காது கேட்காது. வலது காதில் இம்பிளான்ட் இருக்கிறது. உங்கள் முகம் தெரிந்து, பக்கத்தில் இருந்தால் எனக்குப் புரியும். இரண்டாவது பெஞ்சில் இடது ஓரம் உட்காரலாமா?" ஏன் இடது ஓரம் என்றால், அங்கே உட்கார்ந்தால் கேட்கும் காது வகுப்பைப் பார்த்து இருக்கும். ஏன் இரண்டாவது என்றால், முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் யார் சிரித்தார்கள், ஏன் சிரித்தார்கள் என்று எதுவும் தெரியாது. ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் நிழலாகிவிடும், அந்த அறையில் மட்டும் இடம் மாற வேண்டும். தலைக்கு நேர் மேலே ஃபேன் வேண்டாம். நம் வெயிலில் இது கொஞ்சம் கொடுமைதான், தெரியும்.

ரிமோட் மைக் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. ஆசிரியர் சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்திக்கொண்டால், அவர் குரல் தூரத்தையும் ஃபேனையும் தாண்டி நேராகப் பிராசஸருக்குள் வந்துவிடும். முக்காட்டுத் துணியும் அதற்குத் தடையில்லை. வகுப்பறைக்கு இதைவிட நல்ல உதவி எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதை ஆசிரியரிடம் நீட்ட வேண்டும் அல்லவா? மறைத்துக்கொண்டு எப்படி நீட்டுவது? 2012 வாக்கில் கொடுத்த பிராசஸரையே இன்னும் போட்டிருக்கிறாள் என்றால் இப்போதைய மைக் அதோடு நேரடியாக இணையாமல் போகலாம். மாடல் எண்ணைச் சொல்லி மேப்பிங் செய்கிற இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். செல்போனில் லைவ் ட்ரான்ஸ்கிரைப் என்று கூகுளின் செயலி 2019 முதல் இருக்கிறது, பேசுவதை எழுத்தாகக் காட்டும், தமிழும் உண்டு. இலவசம். ஒருவர் பக்கத்தில் நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதும். தமிழும் இங்கிலீஷும் கலந்து வேகமாக நடத்தும் வகுப்பில் தடுமாறும். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். வீட்டிலேயே வந்துவிடுவது அது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று எத்தனை முறை நாம் தள்ளியிருப்போம். பத்து முறை கேட்டு அலுத்த பிள்ளை பதினோராவது முறை தலையாட்டிவிடும். கல்லூரியில் இது ஆபத்து. ஆசிரியர் "புரிஞ்சுதாம்மா?" என்பார், இவள் தலையாட்டுவாள், அவர் திருப்தியாகப் போய்விடுவார். "மறுபடி சொல்லுங்க" என்பதைவிட, "செவ்வாய்க்கிழமை என்று கேட்டது, எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை" என்று கேட்டதைச் சொல்லிக் கேட்காததை மட்டும் கேட்கப் பழக்குங்கள். எதிராளிக்கும் எரிச்சல் வராது. நீங்கள் வீடியோ காலில் பேசும்போதே இதைப் பழக்கலாம்.

பஸ்ஸா ஹாஸ்டலா என்பதில் என் கணிப்பு, முதல் வருடமாவது வீட்டிலிருந்து பஸ். ஒற்றைக் காதில் கேட்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, பயிற்சி கொடுத்தும் அது பெரிதாக மாறுவதில்லை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் கேட்கும். முன்னாலா பின்னாலா என்று கேட்காது. ரோட்டைக் கண்ணால்தான் கடக்க வேண்டும், கையில் போனைப் பார்த்துக்கொண்டு நிச்சயமாகக் கூடாது. ஜன்னலோர சீட்டில் காற்று மைக்கில் அடித்தால் வேறு எதுவும் கேட்காது. கச்சான் வீசுகிற மாதங்களில் சொல்லவே வேண்டாம். பிராசஸரோடு கேபிளால் இணைந்த வட்டமான பகுதிக்குக் காயில் (coil) என்று பெயர். அது காந்தத்தால்தான் தலையில் ஒட்டியிருக்கிறது, முக்காடு இழுபட்டாலும் கூட்டத்தில் தோள் இடித்தாலும் கழன்றுவிடும். பிராசஸரை உடையோடு இணைக்கும் சின்னக் கயிறும் கிளிப்பும் கிடைக்கும். பாம்பன் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பிராசஸரைக் கடலுக்குக் கொடுத்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும், அந்தக் கயிறு இல்லாததால். ஹாஸ்டலில் ராத்திரி மிஷினைக் கழற்றிவிட்டால் அவள் முழுக்கக் கேளாதவள். கதவைத் தட்டினால் தெரியாது, தீ என்று கத்தினால் தெரியாது. அதிர்கிற அலாரம் வைத்த கைக்கடிகாரம், லைட்டை அணைத்துப் போட்டு எழுப்பத் தெரிந்த அறைத்தோழி, விஷயம் தெரிந்த வார்டன், மூன்றும் இருந்தால் ஹாஸ்டலும் நடக்கும். இரண்டாம் வருடம் அவளே முடிவு செய்யட்டும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, மதுரையில் இருப்பவர்கள் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். உப்புக் காற்றும் வியர்வையும். மைக் துளையை மூடியிருக்கும் சல்லடை மாதிரியான உறை இங்கே சீக்கிரம் அடைத்துவிடும். ஒரே நாளில் அடைத்தால் பிள்ளைக்குத் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பதால் தெரியாது. "இப்பல்லாம் பாடம் புரியலை" என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைக்கு நான் செய்த வைத்தியம் அந்த உறையை மாற்றியது மட்டும்தான். தினமும் ராத்திரி கழற்றி, துடைத்து, உலர்த்தும் டப்பாவில் வைக்க வேண்டும். அரிசி டப்பாவில் போடாதீர்கள், மாவும் தூசியும் துளைக்குள் போகும். கிட்டில் கொடுக்கிற சிலிக்கா வில்லைக்கும் ஆயுள் உண்டு, காலாவதியான வில்லையை வைத்துப் பயனில்லை. பட்டன் பேட்டரி போடுகிற மாடல் என்றால் அது காற்றை உள்ளே இழுத்துத்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து நாலைந்து நிமிடம் வைத்துவிட்டுப் போட வேண்டும், உரித்ததை மறுபடி ஒட்டிச் சேமிக்க முடியாது. பையில் எப்போதும் ஒரு செட் பேட்டரி, ஒரு மாற்றுக் காயில் கேபிள். அடிக்கடி உடைவது கேபிள்தான், அதற்காக மதுரைக்கு ஓடினால் மூன்று நாள் வகுப்பு போகும். வாடைக்காற்று மழைக்குக் குடையோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையும் வேண்டும்.

காலையில் கிளம்பும் முன் அரை நிமிட வேலை ஒன்று. உம்மா அவளுக்குப் பின்னால், கை நீட்டும் தூரத்தில் நின்று, ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்ல வேண்டும், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். லிங் சோதனை என்று இதற்குப் பெயர். சின்ன வயதில் தெரபியில் தினமும் செய்திருப்பாள், பெரிய பிள்ளையானதும் விட்டிருப்பாள். நேற்றுவரை கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் மிஷினில்தான் ஏதோ. மேப்பிங்கைப் பிளஸ் டூ படிப்பு என்று இரண்டு வருடம் தள்ளியிருந்தால் கல்லூரி திறக்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். இரைச்சலுக்கென்று தனி புரோகிராம் ஒன்று போட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மிஷினைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம். நாம் சும்மா கேட்பதை அவள் நாள் முழுக்கக் கவனம் குவித்து, யூகித்து, சரிபார்த்துக் கேட்கிறாள். தலைவலியோடு வருவாள். விடுங்கள். சைகை மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் "கையைக் காட்டிப் பேசாதீங்க, பேச்சு வராது" என்று உங்கள் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது சொல்வதில்லை. பேச்சு நிலைத்துவிட்ட 18 வயதில் இந்திய சைகை மொழி கற்பதால் எதுவும் கெடாது. பேட்டரி தீர்ந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு மொழி இருக்கும், அவளைப் போன்றவர்கள் நாலு பேரின் பழக்கமும் கிடைக்கும். டெல்லியில் 2015இல் தொடங்கிய மத்திய அரசின் சைகை மொழி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதியே போட்டிருக்கிறது, போனிலேயே பார்க்கலாம்.

இடது காது ஆபரேஷன். இங்கேதான் நான் தயங்குகிறேன். இரண்டு காதில் கேட்டால் திசை தெரியும், இரைச்சலில் கொஞ்சம் உதவும் என்பது உறுதி. ஆனால் அது சின்ன வயதிலேயே, அதிக இடைவெளி இல்லாமல் இரண்டும் வைத்தவர்களுக்கு. பிறந்ததிலிருந்து 18 வருடம் எதையுமே கேட்காத காதின் வழியை மூளை அநேகமாக வேறு வேலைக்குக் கொடுத்திருக்கும். இந்த வயதில் வைத்துச் சத்தம் கேட்கிறது, பேச்சு பிரியவில்லை என்று ஒரே மாதத்தில் கழற்றிவைத்தவர்களும் உண்டு. பொறுமையாகப் பயிற்சி எடுத்து ஓரளவு பலன் கண்டவர்களும் உண்டு. இடது காதில் சின்ன வயதிலிருந்து ஹியரிங் எய்ட் போட்டுப் பழகியிருந்தாளா என்பது பெரிய வித்தியாசம் செய்யும், நீங்கள் அதை எழுதவில்லை. கேட்பியல் சோதனையும் ஸ்கேனும் முடிந்து, அறுவைசிகிச்சை நிபுணர் வாயால் "எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்" என்று கேட்ட பிறகு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தை முதலில் வலது காதின் பிராசஸரைப் புதுப்பிக்கவும் ரிமோட் மைக் வாங்கவும் செலவழியுங்கள். உள்ளே இருப்பதைத் தொடாமல் வெளிப்பகுதியை மட்டும் மாற்றலாம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீதம் இடம். யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இல்லாவிட்டால் இப்போதே விண்ணப்பியுங்கள். மிஷின் இருக்கும்போது இதை வாங்குவது ஏமாற்று என்று உங்கள் வாப்பா தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். கழற்றினால் அவள் ஒன்றும் கேளாதவள்தான் தம்பி, இதில் பொய் எங்கே இருக்கிறது? எழுத்துத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. தேர்வுக்கு முதல் நாள் போய்க் கேட்டால் கிடைக்காது, செமஸ்டர் தொடக்கத்திலேயே முதல்வர் மூலம் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் போக வேண்டும். இதற்கும் கல்லூரிக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா?

தெரியாமல் இருந்தால் உயிருக்கே வினையாகக்கூடிய விஷயமும் உண்டு. உள்ளே காந்தம் இருக்கிறது. கல்லூரியில் விழுந்து மயங்கி, யாரோ எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொண்டுபோனால், இம்பிளான்ட் இருப்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும். சில மாடல்களுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம், சிலவற்றுக்குக் காந்தத்தை எடுத்துவிட்டுத்தான் எடுக்க முடியும். கம்பெனி கொடுத்த இம்பிளான்ட் அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கட்டும், போனில் ஒரு படமும் இருக்கட்டும். இம்பிளான்ட் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டாயிற்றா என்று பழைய காகிதத்தில் பாருங்கள். காதுவலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

உம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் தெரபிக்கு பஸ் ஏறி இறங்கியவர் அவர். வீதியில் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் கேட்ட வார்த்தையும் அவர் காதில்தான் விழுந்திருக்கும். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவரிடம் முக்காட்டை எடுக்கச் சொல்லி வாதாட வேண்டாம். குல்லாயில் எங்கே வெட்டித் தைப்பது என்று மட்டும் கேளுங்கள், தையல் தெரிந்தவர் என்றால் நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆசிரியரிடம் சொல்வது தங்கையின் வேலை.

இன்னொன்று. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உம்மா சொன்னது இருக்கிறது, வாப்பா தயங்கியது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது, மாமா சொன்ன யோசனைகூட இருக்கிறது. தங்கை என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைதானே, அடுத்த கேள்வியை அவளையே இங்கே எழுதச் சொல்லுங்கள். பிராசஸர் மாடல் எண், கடைசியாக மேப்பிங் செய்த மாதம், இடது காதில் எய்ட் போட்டுப் பழக்கம் உண்டா, பிளஸ் டூ வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இந்த நாலும் அதில் இருந்தால் போதும்.